கோபத்துக்கு முறைவாசல்

நெல்லிமேடு வாரியக் குடியிருப்பில் கோபப்படத் தெரிந்த ஒரே ஆள் தன்சிகாதான். இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள், ஆயிரத்துச் சொச்சம் பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து அவள் ஒருத்தி கத்தினாள். லிப்ட் நின்றுபோனால் கத்துவாள், குழாயில் தண்ணீர் வராவிட்டால் கத்துவாள். மற்றவர்கள் ஆறாவது மாடிக்குக் குடத்தோடு படியேறிக்கொண்டே, "பாவம், அக்காவுக்கு இன்னைக்கு மனசு சரியில்ல போல" என்று அவளுக்காக வருத்தப்படுவார்கள்.

அவள் பிறந்த 2015-வாக்கில் பெண் குழந்தைகளுக்கு இந்த மாதிரிப் பெயர் வைப்பதுதான் நாகரிகமாக இருந்தது. விளைவு, இந்த 2061-இல் நாற்பத்தாறு வயதுத் தன்சிகாக்கள் நெல்லிமேட்டில் மட்டும் மூன்று பேர். தையல் தன்சிகா, பி பிளாக் தன்சிகா, கோவத் தன்சிகா. நம்முடையவள் மூன்றாமவள்.

குடியிருப்புக்குப் பின்னால் கூவம் ஓடுகிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் மூக்கைப் பொத்திக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. பதினாறு வருஷத்துக்கு முன்னால், சாக்கடையைத் தின்று பிழைக்கிற ஒரு நுண்ணுயிரைப் பரிசோதனைக் கூடத்தில் வளர்த்து ஆற்றில் விட்டார்கள். அதற்கு நீளமான பெயர் ஒன்று இருந்தது. ஜனங்கள் அழுக்குத்தின்னி என்று சொல்லிக்கொண்டார்கள். அழுக்குத்தின்னி வஞ்சனையில்லாமல் தின்றது. இரண்டே வருஷத்தில் தண்ணீர் தெளிந்து, மீன்கொத்தி வந்து, படித்துறை கட்டி, படகு பஸ்ஸும் விட்டாகிவிட்டது. சாயங்காலமானால் ஜனங்கள் படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்ப்பார்கள். பார்க்கப் பார்க்க முகமெல்லாம் இளகும். கூட்டத்தில் காலை மிதித்தவனைப் பார்த்து மிதிபட்டவன் சிரிப்பான். ஆறு ஓடுகிற ஊர் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நினைக்கவும் அப்போது சுகமாக இருந்தது.

தன்சிகாவுக்கு மட்டும் அந்தச் சுகம் கிடைக்கவில்லை. படித்துறைத் தலைப்பில் அவளுக்கு ஒரு வறுத்த மீன் கடை. ஐந்து வயதில் கொரோனா வந்தபோது அவளுடைய மூக்கு செயலிழந்தது. ஜுரம் போயிற்று, மூக்கு திரும்பி வரவில்லை. எண்ணெய் காய்ந்ததை அவள் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். நாக்கும் பாதி மரத்துப்போயிருந்ததால் உப்பு மட்டும் கை போன போக்கு. வாடிக்கைக்காரர்கள் ஒரு வாய் தின்று, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, "சூப்பர்க்கா" என்று சொல்லிவிட்டு ஆற்றைப் பார்க்கப் போவார்கள்.

அவளுடைய குறை மூக்கு அல்ல. சண்டை போட ஆளில்லை என்பதுதான். அவள் புருஷன் லோகித் படகு பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணமான முதல் ஆறு வருஷம் இருவரும் போட்ட சண்டைகளை பிளாக்கே நின்று கேட்கும். பிரமாதமான சண்டைகள். அவன் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள், அவன் தட்டை நகர்த்துவான், அவள் கதவைச் சாத்துவாள், கடைசியில் இருவரில் யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்கள். ஆறு தெளிந்த பிறகு லோகித்தும் தெளிந்துவிட்டான். "நீ சொல்றது கரெக்டுதான் தன்சி" என்றான். பதினாலு வருஷமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தான். சுவரோடு பேசினால் சுவராவது எதிரொலிக்கும். பல நாள் அவள் கடையை மூடிவிட்டு அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, அவன் எதைப் பார்த்து இப்படிக் குளிர்ந்து போகிறான் என்று ஆற்றையே உற்றுப் பார்த்ததுண்டு. தண்ணீர் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு லிப்ட் ஞாபகம் வந்தது.

அந்தச் சித்திரை மாதம் இரண்டு கடிதங்கள் ஒரே நாளில் வந்தன.

முதல் கடிதம் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து. மூக்கு நரம்பைப் புதிதாக முளைக்கவைக்கும் சிகிச்சைக்கு அவள் பெயர் கொடுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. வருகிற சனிக்கிழமை காலை வரவும், இரண்டு நாள் படுக்கையில் இருக்க வேண்டும், தவறினால் வரிசை பின்னால் போகும் என்று எழுதியிருந்தது. அவள் அதை மூன்று முறை படித்தாள். எல்லோரையும் போல ஒருநாள் படியில் உட்கார்ந்து முகம் இளகி இருக்க வேண்டும் என்ற ஆசையை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கோவத் தன்சிகாவுக்கு இப்படி ஒரு ஆசையா என்று சிரிப்பார்களோ என்று பயம்.

இரண்டாவது, கரையழகுத் திட்ட அலுவலகத்திலிருந்து எல்லா வீட்டுக்கும் வந்திருந்தது. ஆறு நாறிக்கொண்டிருந்த வரைக்கும் கரையை யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டார்கள். நெல்லிமேட்டுக்காரர்களுக்கு ஏரிமேட்டில் மாற்று வீடு கட்டியாகிவிட்டது, இங்கிருந்து நாற்பத்தெட்டு கிலோமீட்டர். சம்மதம் கேட்கும் கூட்டம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு, படித்துறையில். வீட்டுக்கு ஒருவர் வந்து கைரேகை வைக்க வேண்டும்.

"ஏரிமேட்டுல காத்து நல்லா வருமாம்க்கா" என்றார் சங்கத் தலைவர் ஜெய்வந்த். கடிதத்தை விசிறியாக்கி வீசிக்கொண்டிருந்தார்.

"உன் ஒர்க்‌ஷாப் இங்க இருக்குது. புள்ளைங்க ஸ்கூல் இங்க இருக்குது. காத்தை வெச்சு இன்னா பண்ணுவே?"

"ஆமா, அதுவும் இருக்குது" என்று ஒத்துக்கொண்டார் ஜெய்வந்த். "பார்த்துக்கலாம்க்கா. எல்லாம் நல்லதுக்குத்தான்."

அவள் வீடு வீடாகப் போய்க் கத்தினாள். எல்லா வீட்டிலும் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்கள். நீங்க சொல்றது சரிதான்க்கா என்றார்கள். சனிக்கிழமை கைரேகையும் வைத்துவிடுவோம் என்றார்கள். பதினோராவது மோரோடு அவளுக்கு வயிறு நிரம்பிவிட்டது, அழுகை வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் ஒரு அதிசயம் நடந்தது. பக்கத்துக் கட்டடத்து நீர்ப் பரிசோதனைக் கூடத்தின் அதிகாரி நஸ்ரின் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதுக்காரி, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பெண். அன்றைக்கு மூக்கு தக்காளி மாதிரிச் சிவந்திருந்தது. கையில் கைக்குட்டை.

"அக்கா, நெத்திலி கேட்டுப் பத்து நிமிஷம் ஆகுது. குடுக்கறதுன்னா குடுங்க, இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்க" என்று மேசையைத் தட்டினாள்.

கடையில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் அவளைப் பரிவோடு பார்த்தார்கள். தன்சிகாவோ கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றாள். தன்னைப் பார்த்து ஒரு ஆள் கோபப்பட்டு எத்தனை வருஷமாயிற்று என்று அவளுக்குக் கணக்குத் தெரியவில்லை. மனசு குளிர்ந்துபோயிற்று. தட்டில் இன்னொரு கை நெத்திலியை அள்ளிப் போட்டுக் கொண்டுபோய் வைத்தாள்.

"உனக்கு இன்னாம்மா ஆச்சு?"

"ஜலதோஷம். நாலு நாளா மூக்கு சுத்தமா அடைச்சிருக்கு. நாலு நாளா எனக்கு எல்லாத்து மேலயும் கோவம் கோவமா வருது. எங்க ஆபீஸ் பைப் ஆறு மாசமா ஒழுகுது, இப்பத்தான் கண்ணுல படுது. இந்த நெத்திலி ஒரே உப்பு, அது இன்னைக்குத்தான் தெரியுது." நஸ்ரின் மூக்கைச் சிந்திக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அப்பத்தான் உங்க ஞாபகம் வந்துச்சு. உங்களுக்கு வாசனை தெரியாதுன்னு சொல்வாங்களே, நெஜமா?"

"அஞ்சு வயசுலேர்ந்து."

"அதான்." நஸ்ரின் குரலைத் தாழ்த்தினாள். "அழுக்குத்தின்னி அழுக்கைத் தின்னுட்டு ஒரு வாசனையை விடுது. ரொம்ப லேசு. சிலருக்கு வேகவெச்ச வேர்க்கடலை மாதிரி, சிலருக்கு மழை பெஞ்ச மண்ணு மாதிரி. அது மூக்கு வழியா மூளைக்குப் போயி, ஒண்ணுமில்ல, எல்லாம் சரியா இருக்குன்னு சொல்லுது. எதுவுமே சரியா இல்லேன்னாலும் அதையேதான் சொல்லுது."

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு வருஷமாத் தெரியும்." நஸ்ரினுக்கு வெட்கமாக இருந்தது. "ஆராய்ச்சி பண்ணி நானேதான் கண்டுபிடிச்சேன். அறுபது பக்கம் ரிப்போர்ட் எழுதுனேன். எழுதி முடிச்சிட்டு ஜன்னல் வழியா ஆத்தைப் பார்த்தேன். ரிப்போர்ட்டை டிராயர்ல வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன்."

"மேல சொல்ல வேண்டியதுதானே?"

"மேல இருக்கறவங்க ஆபீஸும் கரையிலதான் இருக்கு."

தன்சிகா அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பதினாலு வருஷமாகத் தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தாள். இத்தனை கோபம் பிறவிக் குணம் என்று நினைத்து எத்தனையோ நாள் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள். இப்போது நிம்மதியாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

"அந்தப் பூச்சியைக் கொன்னுட முடியுமா?"

"முடியும். ஆனா யோசிச்சுச் சொல்லுங்க. இந்தப் பக்கத்துல பி.பி. மாத்திரை பாதியாக் குறைஞ்சிருக்கு. ஜனங்க நல்லாத் தூங்கறாங்க."

தன்சிகா யோசித்தாள். முதல் மாடி தினேஷ் ஒரு காலத்தில் தினமும் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பான். இப்போது வாசலில் உட்கார்ந்து அவளுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறான். அந்தப் பெண்ணின் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் இவள். ஆற்றின் மேல் கை வைக்க மனசு வரவில்லை.

"சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் எல்லாருக்கும் உன்னாட்டம் மூக்கடைச்சா போதும்" என்றாள்.

"எல்லாருக்கும் ஜலதோஷத்தை எங்கேர்ந்து கொண்டாறது? மாஸ்க் போட்டாலும் வாசனை உள்ள போயிடும். கிளிப் மாட்டச் சொன்னா, எதுக்குக்கான்னு சிரிச்சிக்கிட்டே கழட்டிடுவாங்க."

அந்த நேரம் பார்த்துத் தட்டில் கிடந்த காய்ந்த மிளகாய் ஒன்று காற்றில் உருண்டு அடுப்புக்குள் விழுந்தது. கடையிலிருந்த நாலு பேரும் ஏககாலத்தில் இருமினார்கள். தன்சிகாவும் இருமினாள்.

"உங்களுக்கும் நெடி ஏறுதே" என்றாள் நஸ்ரின். "காரம் போற நரம்பு வேற. சரி, அதை விடுங்க. மிளகாய்ப் புகையில மூக்கு வீங்கி ஒழுகினா ஒரு கால் மணி நேரம் எந்த வாசனையும் ஏறாது."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனா சும்மா மிளகாயை வறுத்தா ஆபீஸருங்க எழுந்து போயிடுவாங்களே."

"எதுக்குப் போறாங்க?" என்றாள் தன்சிகா. "பெரிய மனுசங்க வராங்க. அவ்ளோ பேர் கண்ணும் அவங்க மேல படும். சுத்திப் போட வேணாமா?"

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படியில் லோகித்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விஷயத்தைச் சொன்னாள். சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் கூட்டத்துக்கு இருக்க முடியாது. கூட்டத்துக்கு இருந்தால் மூக்கு போயிற்று, அடுத்த முறை எப்போதோ. போகவா, இருக்கவா என்று கேட்டாள். பழைய லோகித்தாக இருந்தால், மூணு வருஷம் காத்திருந்துட்டு இப்ப இன்னாடி கேள்வி என்று குதித்திருப்பான். அல்லது, வீட்டைவிட மூக்கு பெருசா என்று குதித்திருப்பான். எதற்காவது குதித்திருப்பான்.

"போனாலும் நல்லது, போகாட்டியும் நல்லது" என்றான் இந்த லோகித். "ரெண்டுமே நல்லதுதான் தன்சி."

இந்தப் பக்கம் ஒரு முழத் தூரத்தில் புருஷன் இருந்தான், அவளோ தனியாக இருந்தாள். எழுந்துபோய் ஆஸ்பத்திரிக்கு வர முடியாது என்று தகவல் அனுப்பிவிட்டு, இரண்டு கிலோ குண்டு மிளகாய் வாங்கிவந்தாள்.

சனிக்கிழமை நாலு மணிக்குப் படித்துறையில் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி. திட்ட அலுவலர் கிருத்திக் நாற்பது வயசு மனிதர், பார்த்தாலே சோறு போடத் தோன்றும் முகம். ஆற்றைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"எங்க எல்லாக் கூட்டத்தையும் கரையிலதான் வெக்கறோம்" என்று ஜெய்வந்திடம் சொன்னார். "இங்க வெச்சா பிரச்சினையே வர்றதில்ல. ஏன்னே தெரியல."

தன்சிகா அடுப்பைப் பந்தலுக்குக் கிழக்கே போட்டிருந்தாள். மூன்று மணிக்கு மேல் கடல் காற்று கிழக்கேயிருந்து வரும் என்பது பட்டணத்தில் கடை போட்டவர்களுக்குப் பாடம். மீன் வறுக்கும் பெரிய இரும்புச் சட்டி வெறுமனே காய்ந்துகொண்டிருந்தது. முறத்தில் மிளகாயும் கல்லுப்பும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

"சார், ஊர் கண்ணு படும். சுத்திப் போட்டுடறேன்."

கிருத்திக்குக் கூச்சமாகவும் பெருமையாகவும் இருந்தது. எழுந்து நின்றார். அவருடைய உதவியாளர்கள் மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். அவள் வலமாக மூன்று, இடமாக மூன்று சுற்றி, அவர்களைத் துப்பச் சொல்லி, முறத்தோடு கொண்டுபோய் இரண்டு கிலோவையும் சட்டியில் கொட்டினாள்.

திருஷ்டிக்கு ஒரு கைப்பிடி மிளகாய் போதும். இரண்டு கிலோ என்ன செய்யும் என்று அன்றைக்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. பந்தலுக்குள் ஒரு பழுப்பு மேகம் நுழைந்தது. முதலில் ஒரு தும்மல். பிறகு ஐந்து. பிறகு ஆயிரம் பேரும் சேர்ந்து இருமிய இருமலில் படித்துறைக் கொக்குகள் எதிர்க் கரைக்குப் பறந்தன. எல்லோருக்கும் கண்ணிலும் மூக்கிலும் தாரை தாரையாக ஊற்றியது. நஸ்ரின் கைக்கடிகாரத்தைப் பார்த்து விரலை நீட்டினாள். கால் மணி நேரம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜனங்கள் நிமிர்ந்தார்கள். தூக்கத்தில் நடந்தவர்களை நடுத்தெருவில் எழுப்பிவிட்டது போல விழித்தார்கள். தன்சிகா ஏரிமேட்டைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தாள்.

"ஏய், 2049-ல வாங்கினியே என் குடை" என்றாள் பி பிளாக் தன்சிகா, தையல் தன்சிகாவைப் பார்த்து. "எங்கடி அது?"

அவ்வளவுதான். பதினாலு வருஷத்துப் பாக்கி மொத்தமும் மடை திறந்தது. எவன் வீட்டுக் குழந்தை யார் கதவில் கிறுக்கியது, எவள் கோலத்தை எவன் வண்டி மிதித்தது, கல்யாணத்துக்கு ஏன் கூப்பிடவில்லை, கூப்பிட்டும் ஏன் வரவில்லை. தினேஷின் பெண்டாட்டி, பழசையெல்லாம் நினைத்துக்கொண்டு, அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவன் வாங்கிக்கொண்டு தலைகுனிந்தான். ஆளாளுக்குச் சண்டை நடந்தது, ஏரிமேட்டை ஒருவரும் நினைக்கவில்லை. அந்த இரைச்சல் தன்சிகாவின் காதில் தேனாகப் பாய்ந்தது. நாலு நிமிஷம் வேலையை மறந்து கேட்டுக்கொண்டே நின்றுவிட்டாள். நஸ்ரின் வந்து இடித்த பிறகுதான் சுயநினைவு வந்தது.

கரண்டியால் சட்டியை ஓங்கித் தட்டினாள். "குடை அப்புறம். வீடு முதல்ல. சார், ஏரிமேட்டுல பஸ் எத்தினி?"

கிருத்திக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கோப்பைப் பிரித்தார். "காலைல ஒண்ணு. சாயங்காலம் ஒண்ணு."

"ஸ்கூலு?"

"ஒன்பது கிலோமீட்டர்." அவர் பக்கத்தைத் திருப்பினார். குரல் மாறிக்கொண்டே வந்தது. "குடிதண்ணி, லாரி. வாரத்துக்கு ரெண்டு நாள். பத்து மாடி. லிப்ட்..." மூக்கை உறிஞ்சினார். "லிப்ட் இல்லையா? பத்து மாடிக்கு லிப்ட் இல்லாம எந்த மடையன்யா இதுக்குக் கையெழுத்துப் போட்டான்?"

உதவியாளர் எட்டிப் பார்த்தார். "நீங்கதான் சார்."

கிருத்திக் அந்தக் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். "அன்னைக்கு ஜன்னலோரமா உட்கார்ந்திருந்தேன்" என்றார் மெதுவாக.

"என் ஒர்க்‌ஷாப்பை எங்கய்யா வெக்கறது? ஏரிமேட்டுக் காத்துலயா?" என்று கர்ஜித்தார் ஜெய்வந்த். அவருக்கு இப்படி ஒரு குரல் இருப்பது அவர் பெண்டாட்டிக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஜனங்கள் முண்டியடித்து வரிசையில் நின்று, சம்மதமில்லை என்ற கட்டத்தில் விரலை அழுத்தினார்கள். சிலர் அழுத்திய அழுத்தில் பலகை ஆடியது.

ஆனால் கால் மணி என்பது கால் மணிதான். சட்டியில் மிளகாய் கரியாகி, காற்று சுத்தமாகிக்கொண்டு வந்தது. வரிசையின் கடைசியில் முகங்கள் இளக ஆரம்பித்தன. கடைசி இருபத்தொரு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு, புன்னகையோடு, சம்மதம் என்ற கட்டத்தில் விரல் வைத்தார்கள். இருபத்தொன்றாவது ஆள், படகு தாமதமாகி அப்போதுதான் இறங்கி ஓடிவந்த லோகித்.

"வெச்சிட்டேன் தன்சி" என்றான் அவளிடம் வந்து. "இன்னாவோ காரமா வறுத்தியா? நல்லாருக்கு."

நூற்றுத் தொண்ணூற்றொன்றுக்கு இருபத்தொன்று. கிருத்திக் தன் மூக்கு முழுசாகத் திறப்பதற்குள் கோப்பில் 'நிராகரிக்கப்பட்டது, இனி இந்தக் கோரிக்கையை எடுக்க வேண்டாம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். எழுதி முடித்ததும் ஆற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. செருப்பை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சங்கக் கூட்டம். எல்லோரும் பழையபடி சாந்தமாக இருந்தார்கள். நடந்தது நினைவில் இருந்தது, கோபம் மட்டும் இல்லை. நஸ்ரின் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, வாசனை விடாத வேறு வகை நுண்ணுயிர் இருக்கிறது, வேண்டுமானால் மாற்றச் சொல்லி எழுதுகிறேன் என்றாள். தினேஷ்தான் முதலில் வேண்டாம் என்றான். அவன் பெண்டாட்டியும் வேண்டாம் என்றாள். தூக்கம் போய்விடும் என்றார்கள் பலர்.

"அப்ப நாளைக்கு வேற எவனாவது காகிதத்தோட வருவான். நான் ஒருத்தியே எத்தினி நாளைக்குக் கத்தறது?" என்றாள் தன்சிகா. "எனக்கும் உங்களாட்டம் உக்காரணும்னு இருக்காதா?"

அவள் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

"முறைவாசல் மாதிரி வெச்சுக்கலாம்" என்றாள் தையல் தன்சிகா. "மோட்டார் போடறதுக்கு வாரம் ஒரு வீடு, வாசல் பெருக்கறதுக்கு வாரம் ஒரு வீடு. கோவப்படறதுக்கும் வாரம் ஒரு வீடு."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. நீச்சல்காரர்கள் மாட்டுகிற மூக்குக் கிளிப்புகள் ஒரு டஜன் வாங்கி, ஒவ்வொரு மாடியிலும் மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியில் தொங்கவிட்டார்கள். முறை வந்த வீட்டில் ஒருவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் கிளிப்போடு திரிய வேண்டும். கண்ணில் பட்ட குறைகளை நோட்டில் எழுத வேண்டும், போய்ச் சண்டை போட வேண்டும், யார் வீட்டிலாவது கைநீட்டல் ஆரம்பித்தால் ஓடிப்போய்த் தடுக்க வேண்டும். இரண்டு மாதத்தில் லிப்ட் ஓடியது. நஸ்ரின் தன் அலுவலகத்திலும் ஒரு ஆணி அடித்தாள். அவள் முறை வந்த வாரம், அறுபது பக்க ரிப்போர்ட்டும் டிராயரை விட்டு வெளியே வந்தது. அதே வாரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் போட்ட சத்தத்தில், தன்சிகாவுக்கு மறுபடி தேதி கிடைத்தது.

ஆவணியில் மூக்கில் பஞ்சோடு வீடு திரும்பினாள். மூன்றாம் நாள் பஞ்சை எடுத்ததும் லோகித் அவளைப் படித்துறைக்குக் கூட்டிப்போனான். அவள் மூச்சை இழுத்தாள். ஏதோ வந்தது. வேர்க்கடலையா, மழையா, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஐந்து வயதோடு நின்றுபோன மூக்குக்கு ஒப்பிட ஒன்றும் ஞாபகமில்லை. ஆனால் தோள் இறங்கியது. நெற்றி இறங்கியது. தண்ணீரில் வெயில் சிறு சிறு சில்லாக ஆடியதை அதுவரை பார்த்ததே இல்லை போலப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது, அழுதாள், அழுததும் சந்தோஷமாக இருந்தது. மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

அதுவரை அவர்கள் வீட்டுக்கு முறைவாசலிலிருந்து விலக்கு இருந்தது. கிளிப் இல்லாமலே ஒருத்தி கோபப்படும் வீட்டுக்கு எதற்கு முறை என்று விட்டிருந்தார்கள். மூக்கு வந்ததும் விலக்கு போயிற்று. அடுத்த வாரமே முறை வந்தது. தன்சிகாவுக்கு நரம்பு இன்னும் பிஞ்சு, கிளிப்பை நாளெல்லாம் மாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனவே லோகித்.

"எப்படிக் கோவப்படறது தன்சி?" என்று கேட்டான் திங்கட்கிழமை காலை, ஆணியிலிருந்து கிளிப்பை எடுத்துக்கொண்டு. "மறந்தே போச்சு."

அவள் யோசித்துப் பார்த்தாள். அவளுக்கும் மறந்துபோயிருந்தது. "போயிட்டு வா. எல்லாம் நல்லதுக்குத்தான்" என்றாள்.

அவன் போன பிறகு குழம்பு வைத்தாள். நாற்பத்தொரு வருஷம் கழித்துத் தன் குழம்பின் வாசனை தனக்கே தெரிந்ததில் மயங்கிப்போய், உப்பைப் பழைய கைப்பழக்கத்திலேயே போட்டுவிட்டாள்.

ஒரு மணிக்கு லோகித் படியேறிவரும் சத்தம் கேட்டது. தடதடவென்று வந்தான். கிளிப் மாட்டிய மூக்கின் மேல் கண் இரண்டும் சிவந்திருந்தது. வார்டு ஆபீஸில் தெருவிளக்குக்காக அரை மணி நேரம் வாதாடினானாம். படகுக் கம்பெனியில் லைப் ஜாக்கெட் கிழிந்திருப்பதை எடுத்துப்போட்டு மேனேஜரையே மாட்டிப் பார்க்கச் சொன்னானாம். மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே தட்டில் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தான். நிறுத்தினான். தட்டை நகர்த்தினான்.

"இன்னாமே குழம்பு இது? வாயில வெக்க முடியல. இருபது வருசமா ஒரே உப்பு. மனுசன் தின்னுவானா இதை?"

தன்சிகா அவனைப் பார்த்தாள். அந்தத் தட்டு நகர்ந்த சத்தம் உடம்பெல்லாம் ஓடியது. பதினாலு வருஷம். அவன் வந்துவிட்டான். ஜன்னல் வழியாக ஆற்றுக் காற்று இதமாக வந்து, பரவாயில்லை, அவன் சொல்வதும் சரிதானே என்று அவளுக்குள் சொன்னது. வாயில் புன்னகைகூட வந்துவிட்டது. இல்லை, இந்த ஒரு தடவை அது ஆகாது. டாக்டர் சொன்னது நாளெல்லாம் மாட்டக் கூடாது என்றுதானே.

அவள் வெளியே போய், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்து ஆணியிலிருந்து இன்னொரு கிளிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவன் எதிரே நின்றாள்.

"உப்பா?" என்றாள் மூக்கடைத்த குரலில். "இருபது வருசமாத் தட்டை வழிச்சி வழிச்சித் தின்னது யாரு, உங்கப்பனா?"